முன்சான் எங்கே என்று கேட்ட டிராவல்ஸ்: முன்னாள் பாராசூட் வீரர்களின் கொரியப் பயணம் பற்றி ஒரு மதிப்புரை

கடந்த மார்ச் மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் பாராசூட் வீரர்கள் 14 பேர் தென்கொரியாவுக்கு நல்லெண்ணப் பயணமாகச் சென்று வந்தோம். அந்த நாட்டு ராணுவத்தின் பாராசூட் பயிற்சி முகாம் ஒன்றைப் பார்ப்பதும், இந்திய மருத்துவப் படையினர் குதித்த இடத்தில் சற்று நேரம் நிற்பதுமே எங்கள் நோக்கம். விசா முதல் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியது வரை எல்லா ஏற்பாடுகளையும் செய்தது நாகர்கோவிலில் உள்ள ஒரு டிராவல்ஸ். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நிறுவனம் எருசலேம் பயணங்களுக்கும் உம்ரா பயணங்களுக்கும் இந்த மாவட்டத்தில் நல்ல பெயர் எடுத்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அவர்கள் சிறப்பாகச் செய்த காரியங்களும் சறுக்கிய இடமும் அந்த அனுபவத்தோடு தொடர்புள்ளவை.

நாங்கள் ஏன் கொரியாவைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. 1950இல் கொரியப் போர் வெடித்தபோது இந்தியா அங்கே சண்டையிடும் படையை அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்னும் மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். அவர் இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர், பின்னாளில் மகாவீர் சக்கரம் பெற்றவர். அந்த நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கிய அந்தப் பிரிவு, பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கியபோது, கருவிகளை விட்டுவிட்டுக் கிளம்பச் சொன்ன உத்தரவுக்கு இணங்க மனமில்லாமல், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பி, தாங்களே ஓட்டிக்கொண்டு, பாலங்கள் தகர்க்கப்படுவதற்கு முன்பே ஆற்றைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தது. 1951 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படையணி முன்சான் என்ற ஊருக்கு அருகில் குதித்தபோது, அவர்களோடு ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாக 12 இந்தியர்கள் அறுவை சிகிச்சைக் கருவிகளோடு குதித்தார்கள். போர் நின்ற பிறகும் 1954 தொடக்கம் வரை அந்தப் பிரிவு கொரியாவிலேயே இருந்தது. ஆக்ராவில் அதே பிரிவில் பல ஆண்டுகள் நர்சிங் உதவியாளராக வேலை பார்த்தவன் நான். முன்சான் என்ற பெயரை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்ததோடு சரி.

புறப்படுவதற்கு முந்தைய வேலைகளில் இந்த டிராவல்ஸை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கொரிய விசாவுக்குச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் ஆவணங்கள் கொடுக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோருக்கு வருமானத்துக்குச் சான்று ஓய்வூதியம் ஒன்றுதான். ஓய்வூதிய ஆணையில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டவர்கள் எங்கள் குழுவில் மட்டும் 4 பேர் இருந்தார்கள். தகப்பனார் பெயர் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் வீட்டுப்பெயர் ஒட்டிக்கொள்வதும் எங்கள் பகுதியில் புதிதல்ல. ராணுவத்தில் சேர்ந்த நாளில் எழுத்தர் எழுதியதே எங்களுக்குப் பெயர் என்று ஆகிவிட்டது. இந்த முரண்பாடுகளை டிராவல்ஸ் அலுவலகத்துப் பெண் ஒருவர் பொறுமையாக வரிசைப்படுத்தி, எவற்றுக்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், எவற்றுக்கு ஒரு விளக்கக் கடிதம் போதும் என்று பிரித்துச் சொன்னார். ஒருவருக்குக்கூட விசா மறுக்கப்படவில்லை. மருந்துகள் விஷயத்தில் அவர்கள் காட்டிய கவனம் மருத்துவப் பிரிவில் இருந்த எனக்கே வியப்பளித்தது. தூக்க மாத்திரை, வலுவான வலி நிவாரணி போன்றவற்றில் கொரியச் சட்டம் கடுமையானது என்று எச்சரித்து, எல்லோரிடமும் மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டை வாங்கி வைத்தார்கள், இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்டினார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர் வழியாக சியோலுக்கு அருகிலுள்ள இன்சியோன் விமான நிலையத்துக்குச் சென்றோம். பாராசூட் படையில் இருந்தவர்களின் உடம்பைப் பற்றி வெளியே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: எங்களில் பெரும்பாலோருக்கு முதலில் கெட்டுப்போவது முழங்காலும் இடுப்பும்தான். தரையில் கால் பட்டவுடன் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து உருண்டு விழ ஆக்ராவில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்றாலும், முதுகுச் சுமையோடு ஆண்டுக்கணக்கில் விழுந்ததற்குக் கணக்குத் தீர்க்கும் நாள் அறுபது வயதுக்குப் பிறகு வந்துவிடுகிறது. எங்களைவிட வயதானவர்களை எருசலேமின் கல்படிகளில் ஏற்றி இறக்கிப் பழகிய இந்த டிராவல்ஸுக்கு இது சொல்லாமலே தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் எத்தனை படிகள், எத்தனை தூரம் நடை, எங்கே கழிப்பறை என்று எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். தரையில் அமர்ந்து சாப்பிடும் வழக்கமுள்ள கொரிய உணவகங்களில் முன்கூட்டியே நாற்காலி மேசை கேட்டு வாங்கியிருந்தார்கள். ஒரே ஒரு நாள் மட்டும் அது தவறிப்போய், 76 வயதான சுபேதார் மேஜர் சாப் (ஐயா என்பதற்கு ராணுவத்தில் சொல்வது) சம்மணமிட்டு அமர்ந்துவிட்டு எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம், தக்கலைப் பக்கத்துக்காரர். அன்று முதல் உணவகத்துக்கு அவரே முன்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லத் தொடங்கினார்.

குளிர் பற்றி மட்டும் அவர்கள் தவறான கணக்குப் போட்டிருந்தார்கள். மார்ச் கடைசி என்றால் வசந்த காலம், மெல்லிய ஜாக்கெட் போதும் என்று சீட்டில் எழுதியிருந்தது. லடாக்கில் இருந்தவர்களுக்கு அது பொருட்டில்லை. ஆனால் பணியிலிருந்து வந்து இருபது, முப்பது ஆண்டுகளாக வள்ளியாற்றுக் காற்றை மட்டுமே அனுபவித்து வரும் உடம்புக்கு, அதிகாலையில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் கொஞ்சம் மிகைதான்.

நான்காம் நாள் ராணுவ முகாம். அதற்கான அனுமதியை எங்கள் சங்கத்தின் கடிதத்தாலும் சியோலிலுள்ள இந்தியத் தூதரகத்தின் உதவியாலும் பெற்றிருந்தோம். டிராவல்ஸின் பங்கு பேருந்தும் பெயர்ப் பட்டியலும் மொழிபெயர்ப்பாளரும்தான். பட்டியல் பிழையில்லாமல் இருந்ததால் வாயிலில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதையும் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். உள்ளே சுமார் 11 மீட்டர் உயரப் பயிற்சிக் கோபுரத்தைக் கண்டதும் எங்கள் குழுவில் எல்லோருடைய முகமும் மாறியது. விமானத்திலிருந்து குதிப்பதைவிட அந்தக் கோபுரத்திலிருந்து குதிப்பதுதான் கடினம் என்பது எந்த நாட்டுப் பாராசூட் வீரரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. மிக உயரத்தில் தரை என்பது ஒரு படம் போலத் தெரியும், கோபுரத்திலோ கீழே நிற்பவன் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம். அங்கே குதிக்கத் தயங்கும் பயிற்சியாளனிடம் உனக்குக் காதலி உண்டா என்று கேட்பது பயிற்றுநர்களின் பழைய வழக்கம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஆக்ராவில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே ஆய்வு மாணவராக இருக்கும் ஒரு தமிழ் இளைஞரை ஏற்பாடு செய்திருந்தார்கள். பண்பானவர், கொரிய மொழி சரளம், ஆனால் ராணுவச் சொல் ஒன்றும் அறியாதவர். நான் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸில் இருந்தேன் என்று சொன்னதை அவர் மொழிபெயர்த்ததும், எதிரே இருந்த கொரிய அதிகாரி வியப்போடு ஏதோ கேட்டார். ஒரு விமானத்திலிருந்து எத்தனை ஆம்புலன்ஸ் வண்டிகளைப் பாராசூட்டில் இறக்குவீர்கள் என்பதே அந்தக் கேள்வி. ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்பது வண்டியல்ல, போர்முனையில் காயம்பட்டவர்களைப் பொறுக்கி எடுத்து, அறுத்துத் தைத்து, பின்னால் அனுப்பும் முழு மருத்துவப் பிரிவின் பெயர் என்று விளக்கி முடிக்க எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் கணிசமான பகுதி கரைந்தது. இப்படி ஒரு சந்திப்புக்கு முன்னால் மொழிபெயர்ப்பாளரையும் எங்களையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசச் செய்திருந்தால் போதும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆனால் அதே இளைஞரால்தான் அன்றைய நாளின் மிகச் சிறந்த நிமிடங்களும் கிடைத்தன என்பதை மறைக்கக் கூடாது. நினைவுப் பரிசாகக் குளச்சல் வெற்றித் தூணின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டு போயிருந்தோம். விவேகானந்தர் பாறையைச் சிப்பியில் செய்து கொடுக்கலாம் என்று டிராவல்ஸில் சொன்னதை மறுத்துவிட்டு நாங்கள் தேர்ந்தெடுத்தது. படத்தின் அடியில் கொரிய மொழியில் இரண்டு வரி அச்சிட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான், அந்த வரிகளில் பிழை இல்லை என்று அங்கே சொன்னார்கள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றதையும், பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, அதற்குத் தளபதியாகி, எங்கள் ஊர் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருப்பதையும் நான் சொல்லி முடித்ததும், அந்த அதிகாரி புன்னகையோடு, எங்களிடமும் ஒரு டச்சுக்காரர் இருந்தார் என்றார். 1627இல் தண்ணீர் எடுக்கக் கரையிறங்கிப் பிடிபட்ட வெல்தெஃப்ரே என்பவர், பாக் யோன் என்ற கொரியப் பெயரோடு அந்நாட்டு அரசரின் படைக்குப் பீரங்கி செய்து கொடுத்து அங்கேயே வாழ்ந்தாராம். 1653இல் வேறொரு டச்சுக் கப்பல் ஜேஜு தீவில் உடைந்து, பிழைத்தவர்களிடம் பேச அவரை அனுப்பியபோது, தாய்மொழியே அவருக்கு ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. இதை மொழிபெயர்த்துவிட்டு எங்கள் இளைஞரும் சிரித்தார். இன்னும் சில ஆண்டுகள் இங்கே இருந்தால் தமக்கும் அந்த நிலைதான் என்றார். ஃபீல்டு ஆம்புலன்ஸுக்காக அவர்மேல் எனக்கு இருந்த வருத்தம் அப்போதே தீர்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள்தான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. பயணத் திட்டத்தில் அன்று எல்லைப் பகுதி என்று போட்டிருந்தது: மூன்றாம் சுரங்கப்பாதை, தோரா குன்றின் பார்வை மாடம், இம்ஜின் ஆற்றங்கரைப் பூங்கா, மாலையில் ஜின்செங் என்ற மருந்து வேர் விற்கும் கடை, அதன் பிறகு அழகுசாதனக் கடை. பேருந்துக்குள் ஒரு கொரியச் சிப்பாய் ஏறி எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு இறங்கினார். வட கொரியா தோண்டியதாக 1978இல் கண்டறியப்பட்ட அந்தச் சுரங்கம் தரைக்கு 73 மீட்டர் கீழே செல்கிறது, செங்குத்தான சரிவு. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்க வேண்டாம் என்று காலையிலேயே சீட்டில் எழுதியிருந்ததால் 9 பேர் மேலேயே இருந்துகொண்டோம். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் திட்டத்தில் முன்சான் இல்லை.

முன்பணம் கட்டிய நாளிலேயே முன்சான் என்று வாயால் சொல்லியிருந்தோம். அவர்கள் வலையில் தேடிப் பார்த்துவிட்டு, எல்லைப் பகுதிச் சுற்றுலாவே அந்த வட்டாரம்தான், பேருந்து அந்த வழியாகத்தான் போகும் என்று நிம்மதியாக விட்டிருக்கிறார்கள். பேருந்து முன்சான் வழியாகப் போனது உண்மை. கண்ணாடி வழியாக அடுக்குமாடிக் கட்டடங்களைப் பார்த்தோம். அங்கே இறங்க வேண்டும் என்று கேட்டதற்கு உள்ளூர் கொரிய வழிகாட்டி, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்றார். ஜின்செங் கடைக்குக் குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் தமக்குச் சிக்கல் என்றும் சொன்னார். குழுச் சுற்றுலாக்களில் இப்படிப்பட்ட கடைகள் கொடுக்கும் கழிவுத்தொகையை வைத்தே பயணக் கட்டணம் குறைக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர்மேல் கோபப்படவும் நியாயமில்லை.

சுபேதார் மேஜர் சாப்தான் பேசினார். தக்கலைத் தம்பியைக் கூப்பிட்டு, "மக்கா, நீங்க எருசலேமுக்கு ஆள் கூட்டிட்டுப் போறவங்கதானே. கல்லறைக் கோயிலுக்குள்ள போகாம வெளியிலேயே நின்னு, இந்த ஏரியாதான்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துருவியா? கடை எல்லாம் போதும், எங்களுக்கு அந்த வயலைக் காட்டித் தா" என்றார். அந்தத் தம்பி ஒரு நிமிடம் யோசித்தார். நாகர்கோவில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார், இரண்டு கடைகளையும் தம் பொறுப்பில் விடுவதாக உள்ளூர் வழிகாட்டிக்கு எழுதிக் கொடுத்தார். ஊருக்கு வெளியே, குன்றுகள் தெரியும் ஒரு வயலோரத்தில் பேருந்து நின்றது. 40 நிமிடம் கிடைத்தது.

குதித்த இடம் சரியாக அந்த வயல்தான் என்று நான் சாதிக்கப் போவதில்லை. 1951இல்கூட ஒரு பட்டாலியன் தனக்குக் குறித்த இடத்தில் இறங்காமல் வேறு இடத்தில் இறங்கியது என்பது பதிவில் உள்ளது. மெரூன் நிறத் தொப்பிகளை எடுத்து அணிந்துகொண்டோம். 12 பேரின் நினைவாக இரண்டு நிமிடம் நின்றோம். பிறகு சாப் குனிந்து காய்ந்த புல்லைக் கிள்ளி, கையை உயர்த்திக் காற்றில் விட்டார். அது கிழக்கே நகர்ந்து விழுந்தது. நாங்கள் 13 பேரும் எதுவும் பேசாமல் அந்தப் புல் விழுந்த இடத்தைப் பார்த்து, ஒரே நேரத்தில், இந்தக் காற்றில் குதிக்கலாம் என்று தலையாட்டினோம். தள்ளி நின்ற கொரிய வழிகாட்டி அருகில் வந்து, இங்கே என்ன நடந்தது என்று கேட்டார். தக்கலைத் தம்பியே அவருக்குப் பதில் சொன்னார். எங்களிடம் கேட்டுக் கேட்டு அவருக்கு அதற்குள் பாடமாகியிருந்தது.

இதே காரணத்தால் இன்னொரு இடமும் விடுபட்டது, அதற்கு யாராலும் ஈடு செய்ய முடியவில்லை. ஐ.நா. கொரிய ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் இருந்த கர்னல் உண்ணி நாயர் 1950 ஆகஸ்ட் 12 அன்று வேக்வான் அருகே கண்ணிவெடியில் உயிரிழந்தார். அவருடைய நினைவிடம் தேகு நகரில் இருக்கிறது. ரங்கராஜின் பிரிவின் ஒரு பகுதி தங்கி மருத்துவப் பணி செய்ததும் அதே தேகுவில்தான். சியோலிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்குப் பதிலாக ஆறாம் நாள் முழுவதையும் நாமி தீவு என்ற பூங்காவுக்குக் கொடுத்திருந்தார்கள். புதுமணத் தம்பதிகளுக்கு அழகான இடம். 14 கிழவர்கள் அங்கே மரங்களின் நடுவே படம் எடுத்துக்கொண்டோம். சியோல் போர் நினைவகத்துக்கு ஒதுக்கியதோ 50 நிமிடம். மருத்துவ உதவி அனுப்பிய நாடுகளின் வரிசையில் இந்தியாவின் கொடியைத் தேடிக் கண்டுபிடித்ததும் பேருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டில் அசைவக்காரர்களுக்குக் குறை இல்லை. சுட்ட மீன் என்று கொண்டு வந்து வைத்தது நம்மூர் அயிலை மாதிரியே இருந்தது, மிளகாய் தடவாததுதான் ஒரே வித்தியாசம். ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடியை ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்ததும் மேசை முழுவதும் கை நீண்டது. சோறு ஒட்டும், புழுங்கலரிசி பழகிய வயிற்றுக்கு மூன்றாம் நாள் வரை பொறுமை தேவை. சைவக்காரர்கள் இருவருக்கும் கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் உப்போ சேரும் என்பதை யாரும் சொல்லவில்லை; இரண்டாம் நாள் இரவுதான் தெரிந்தது. காய்ந்த நாரத்தையும் பொதி செய்த புளிக்குழம்பும் டிராவல்ஸ் பெட்டியில் இருந்ததால் அவர்கள் தப்பித்தார்கள். ஒருவர் முகாமில் கொடுக்கவென்று மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டு வந்திருந்தார். புதுப்பழங்களைக் கொண்டுபோக முடியாது என்பது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. அந்தப் பழங்களைத் திருவனந்தபுரத்திலேயே உட்கார்ந்து தின்று தீர்த்தோம். மருந்துச் சட்டத்தை அவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் பழத்தைச் சொல்லாமல் விட்டது எப்படி என்று புரியவில்லை.

ஒருவருக்கு 1,62,000 ரூபாய் ஆனது. விமானம், விசா, தங்கும் அறை, மூன்று வேளை உணவு, காப்பீடு எல்லாம் அடக்கம். திரும்பி வந்து ஒரு வாரத்தில் எங்கள் குறைகளை எழுதிக் கொடுத்தோம். உரிமையாளர் நேரில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார், தவறு என்று ஒத்துக்கொண்டார், கடைகளுக்குப் போகாததால் உள்ளூர் நிறுவனம் கேட்ட தொகையைத் தாமே கட்டிவிட்டதாகவும் சொன்னார். அடுத்த முறை தேகுவைச் சேர்த்து, நாமி தீவை எடுத்துவிட்டு ஒரு திட்டம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் அது கைக்கு வரவில்லை.

மாலத்தீவுக்குப் போக வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் இன்னொரு குழு இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. 1988 நவம்பர் 3 அன்று அங்கே நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்க ஆக்ராவிலிருந்து அந்நாட்டின் ஹுல்ஹுலே ஓடுதளத்தில் போய் இறங்கிய 6ஆவது பாராசூட் பட்டாலியனில் இருந்த இருவர் அதில் இருக்கிறார்கள். அவர்கள் இதே டிராவல்ஸிடம்தான் போகப் போகிறார்கள், நானும் அதையே சொன்னேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அச்சிட்ட திட்டத்தைக் கையில் வாங்கி, ஹுல்ஹுலே என்ற பெயர் அதில் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றும், வழிகாட்டியாகத் தக்கலைத் தம்பியையே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.